எல்லைச் சாலையில் இருமும் கார்கள்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, 3 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய டீசல் கார்களுக்கு மூச்சுக் கொடுப்பது தனித் தொழில். ஒரு துளி டீசலில் அங்கே பல வீட்டுக் கணக்குகள் தொங்குகின்றன.

காலை ஐந்தரை மணி. இஞ்சிவிளையை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்து வீட்டு முற்றத்தில் செல்ஃப் மோட்டார் கரகரக்கிறது. ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாவது தடவை பேட்டரி சோர்ந்து இழுக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்ப்பதில்லை. கடந்த இரண்டு மாதங்களாக அவருக்கு இதுதான் அலாரம். நான்காவது முயற்சியில் கார் இருமிக்கொண்டு எழுகிறது. பின்னாலிருந்து வெள்ளைப் புகை கிளம்பி ரப்பர் மரங்களுக்கிடையே மெல்லப் பரவுகிறது. பின் இருக்கையில் ஏற்கெனவே ஒரு மூதாட்டியும் அவரது மகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏழு மணிக்குள் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் சீட்டு எடுக்க வரிசையில் நிற்க வேண்டும்.

கார் 2012ஆம் ஆண்டின் டிசையர் டீசல். எண் கே.எல்.19 என்று தொடங்குகிறது. அதாவது பாறசாலைப் பதிவு. மீட்டரில் 3,42,000 கிலோமீட்டர். உரிமையாளரே ஓட்டுநர். நோயாளிகளை மருத்துவமனைக்கும், வளைகுடாவுக்குப் பறப்பவர்களை விமான நிலையத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவரது பிழைப்பு. மருத்துவமனை வாசலில் இரண்டு மணி நேரம் காத்திருக்க நேர்ந்தாலும் அவர் இப்போது என்ஜினை அணைப்பதில்லை. அணைத்தால் மறுபடி எழும்புமா என்ற பயம். காத்திருப்புக்குக் கிடைக்கும் கூலியில் பாதி டீசலாக எரிந்து போகிறது.

இந்த இரண்டு மாத வேதனையைச் சொல்ல அவர் போகிற இடம், உதியன்குளங்கரைக்கு வடக்கே தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி, தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை. வாசலில் மலையாளத்தில் ஒரு பலகை. உள்ளே தமிழும் மலையாளமும் பிரிக்க முடியாமல் கலந்த பேச்சு. தலைமை மெக்கானிக்கை எல்லோரும் அழைப்பது ‘ஆசான்’ என்று. எழுத்துச் சொல்லிக் கொடுத்தவரையும் களரி சொல்லிக் கொடுத்தவரையும் அழைக்கும் அதே சொல். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். கறை படிந்த லுங்கி, காதில் ஒரு பென்சில்.

“ஆசானே, காலத்த வண்டி எழும்ப மாட்டேங்குது.”

“காலத்த மட்டுமா? ஓடிச் சூடானப்பொறவு நிறுத்தி எடுத்தா?”

“அப்பம் இன்னும் மோசம்.”

“அப்படின்னா ஹீட்டர் பிளக் இல்ல மக்கா. ஊசி.”

‘ஊசி’ என்று அவர் சொல்வது இன்ஜெக்டரை. எரிபொருளைச் சாரலாக்கி சிலிண்டருக்குள் பீச்சும் கருவி. மூன்று கேள்விகளில் நோய் பிடிபட்டது மந்திரமல்ல. டீசல் என்ஜினில் தீப்பொறி பிளக் கிடையாது. காற்றை இறுக்கி அழுத்தினால் வரும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ள வேண்டும். குளிரில் அந்தச் சூடு போதாது என்பதால் ஹீட்டர் பிளக் உதவிக்கு வரும். அது கெட்டால் காலையில் மட்டும்தான் தொல்லை. சூடான என்ஜினும் எழும்ப மறுத்தால் கதை வேறு. சூட்டில் டீசல் இளகித் தண்ணீர் போலாகும். தேய்ந்துபோன இன்ஜெக்டருக்குள் இருக்கும் இடுக்குகள் வழியாக அது சிலிண்டருக்குப் போகாமல் டேங்குக்கே திரும்பி ஒழுகிவிடும். என்ஜின் சுற்றுகிறது, பம்பு தள்ளுகிறது, ஆனால் அழுத்தம் ஏறுவதில்லை. அழுத்தம் ஏறாதவரை காரின் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்கவே விடாது.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு இந்தச் சாலை பெரும்பாலும் கடந்து போகும் சாலைதான். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை. பிறகு எந்த அறிகுறியும் இல்லாமல் கேரளம். கடைப் பலகைகளின் எழுத்து மாறுவதும், காக்கி அணிந்தவர்களின் தொப்பி மாறுவதும்தான் அடையாளம். ஊர்ப் பெயர்கள்கூட மாறுவதில்லை. களியக்காவிளை, இஞ்சிவிளை, அமரவிளை என்று எல்லைக்கு இருபுறமும் ஒரே ‘விளை’. தென்னையும் மரச்சீனியும் ரப்பரும் விளையும் மேட்டு நிலத்துக்கு இந்தப் பக்கத்து மக்கள் வைத்திருக்கும் சொல்.

எல்லை அப்படியொன்றும் பழையதல்ல. 1956 நவம்பர் 1 வரை எல்லாமே திருவிதாங்கூர்-கொச்சி. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தமிழர் வாழும் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கேட்டுப் போராடியபோது அதன் பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. 1954 ஆகஸ்டு 11இல் மார்த்தாண்டம், புதுக்கடைப் பகுதிகளில் துப்பாக்கிச் சூடு வரை போன போராட்டம் அது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்துக்கு வந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே தங்கியது. கோடு விழுந்தது நிலத்தில்தான். பெண் கொடுப்பதும் எடுப்பதும், சந்தைக்குப் போவதும், காரைப் பழுது பார்ப்பதும் பழையபடியே நடக்கின்றன. பட்டறை முன் நிற்கும் வண்டிகளைப் பார்த்தாலே தெரியும். கே.எல்.19, கே.எல்.20 எண்களுக்கு நடுவே மார்த்தாண்டத்தின் டி.என்.75.

இங்கே நின்று பார்க்க விஷயம் இல்லாமல் இல்லை. நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் இருக்கிறது அம்மச்சிப் பிலாவு. எதிரிகளிடமிருந்து தப்பிய மார்த்தாண்டவர்மா ஒளிந்துகொண்டதாகச் சொல்லப்படும் பொந்துள்ள பலா மரம். சற்றுத் தள்ளி நெய்யாற்றங்கரையில் அருவிப்புறம். 1888இல் ஸ்ரீநாராயண குரு யாரையும் கேட்காமல் சிவனைப் பிரதிஷ்டை செய்து, கேரளத்தின் சாதிக் கட்டுமானத்தில் முதல் விரிசலை விட்ட இடம். 1910இல் திருவிதாங்கூர் அரசால் நாடு கடத்தப்பட்ட பத்திரிகை ஆசிரியர் ‘சுதேசாபிமானி’ ராமகிருஷ்ண பிள்ளையும் நெய்யாற்றின்கரைக்காரர். நவராத்திரி மண்டபத்தில் 2006இல் முதன்முதலாகப் பாடிய பெண்ணான பாறசாலை பொன்னம்மாள் ஊர்ப் பெயரையே முன்னால் சுமந்தவர். ஆனால் கோவளத்துக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவே பறக்கும் பயணிகள் இங்கே இறங்குவதில்லை. இறங்குபவர்களில் பலர், கார் நின்றுவிட்டதால் இறங்கியவர்கள்.

அந்த வகையில் இந்தப் பட்டறைகளும் ஊரின் சரித்திரம்தான்.

ஆசான் தொழில் கற்ற காலத்தில் இந்தச் சாலையின் ராஜா டீசல் அம்பாசடர். பக்கத்திலேயே மகிந்திரா ஜீப்பும் டிரெக்கரும். அந்த என்ஜின்களில் ‘மைக்கோ பம்பு’ ஒன்று இருக்கும். 1951இல் தொடங்கப்பட்ட மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியின் சுருக்கப் பெயர் மைக்கோ. ஜெர்மனியின் போஷ் நிறுவனத்தின் இந்தியக் கிளை. 2008இல் பெயரையே போஷ் என்று மாற்றிக்கொண்டாலும், எல்லையோரப் பட்டறைகளில் பழைய ஆட்களுக்கு அது இன்றும் மைக்கோதான். இந்தத் தொழிலே போஷின் கொடை என்று சொல்லலாம். ருடால்ஃப் டீசல் 1897இல் ஆக்ஸ்பர்கில் ஓட்டிக் காட்டிய என்ஜினில், எரிபொருளை உள்ளே ஊத ஒரு பெரிய காற்று அமுக்கி தேவைப்பட்டது. தொழிற்சாலைக்கு அது சரி, காருக்குள் அடங்குமா? 1927இல் ராபர்ட் போஷின் நிறுவனம் கைக்கடக்கமான இன்ஜெக்ஷன் பம்பைத் தொழிற்சாலையில் பெருமளவில் செய்யத் தொடங்கிய பிறகே டீசல் லாரியும், பின்னால் டீசல் காரும் சாத்தியமாயின. தன் பெயர் இத்தனை வண்டிகளின் வாலில் ஒட்டப் போவதை டீசல் பார்க்கவில்லை. 1913இல் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலிலிருந்து காணாமல் போனார் அவர்.

பழைய இன்ஜெக்டர் எளிமையான பிராணி. உள்ளே ஒரு ஸ்பிரிங், ஓர் ஊசி. பம்பு தரும் அழுத்தம் ஓர் அளவைத் தாண்டியதும் ஊசி தூக்கிக்கொள்ளும், டீசல் சாரலாகும், அழுத்தம் குறைந்ததும் ஊசி உட்கார்ந்துகொள்ளும். அந்த அளவு என்ஜினைப் பொறுத்து நூற்றுச் சொச்சம் பாரிலிருந்து இருநூற்றுச் சொச்சம் பார் வரை. கார் டயரில் இருக்கும் காற்று சுமார் 2 பார் என்பதை நினைத்துக்கொண்டால் அளவு புரியும். எந்தச் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று கண்டுபிடிக்க என்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு குழாயின் நட்டையும் சற்றே தளர்த்துவார்கள். தளர்த்தியும் ஓட்டத்தில் மாற்றம் இல்லையென்றால் அதுதான் சோம்பேறிச் சிலிண்டர். கழற்றிய இன்ஜெக்டரைக் கைப்பம்பு பொருத்திய டெஸ்டரில் மாட்டி அடிப்பார்கள். நல்ல நாசில் என்றால் புகைபோல் சாரல் வரும். கூடவே ‘கர்ர்’ என்று ஒரு சத்தமும். கெட்டது, குழாயில் சொட்டுவதுபோல் சொட்டும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பித்தளைத் தூரிகையால் கரியைத் தேய்த்து, ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு தகடு வைத்தால் அடுத்த இருபதாயிரம் கிலோமீட்டருக்குக் கவலையில்லை. ஆசானின் காது பழகியது அந்தக் ‘கர்ர்’ சத்தத்தில்தான்.

பிறகு உலகம் மாறியது. 1997இல் இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் ‘காமன் ரெயில்’ வந்தது. ஒரே குழாயில் மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசலைத் தேக்கி வைத்து, எப்போது, எவ்வளவு, எத்தனை தடவை பீச்சுவது என்பதைக் கம்ப்யூட்டரே தீர்மானிக்கும் முறை. அதே இத்தாலியின் ஃபியட் உருவாக்கிய 1,248 சிசி மல்டிஜெட் என்ஜின், இந்தியாவில் மாருதி ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகா என்றும், டாடாவின் இண்டிகா விஸ்டா, மான்சா என்றும், ஃபியட்டின் புன்டோ, லினியா என்றும் அத்தனை மூடிகளுக்குக் கீழும் புகுந்துகொண்டது. ‘இந்தியாவின் தேசிய என்ஜின்’ என்று வாகனப் பத்திரிகைகள் கிண்டலாகப் பட்டம் கட்டும் அளவுக்கு. அம்பாசடரின் உற்பத்தி 2014இல் நின்றபோது இந்தச் சாலையின் டாக்சி ஸ்டாண்டுகளில் அது ஏற்கெனவே கிழவனாகியிருந்தது.

புதிய என்ஜினில் அழுத்தம் 1,400, 1,600 பார் வரை போகிறது. டயர் காற்றைப் போல் 700, 800 மடங்கு. நாசிலின் துளைகள் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு அளவு. உள்ளே வழுக்கி ஓடும் ஊசிக்கும் அதன் உறைக்கும் இடையே உள்ள இடைவெளி சில மைக்ரான். மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். பழைய நட்டைத் தளர்த்தும் வித்தையை இங்கே காட்டினால் ஆபத்து. இந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே தெரிவது கொசு கடித்தது மாதிரி ஒரு புள்ளிதான். உடனே அறுவை சிகிச்சைக்குப் போகாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரலாம். ஆசான் தன் பையன்களுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுக்கும் பாடம் ஸ்பானர் பிடிப்பதல்ல. ஓடும் காமன் ரெயில் வண்டியில் குழாய் நட்டைத் தொடக்கூடாது என்பது.

ஒரு கிலோமீட்டர் ஓட ஒவ்வொரு இன்ஜெக்டரும் ஆயிரம் தடவை திறந்து மூட வேண்டும் என்று குறைவாகவே கணக்குப் போட்டாலும், 3,42,000 கிலோமீட்டருக்கு 34 கோடி தடவை. சத்தத்தைக் குறைப்பதற்காகப் பெரிய பீச்சலுக்கு முன்னால் ஒரு சிறிய பீச்சல் இருப்பதால் உண்மைக் கணக்கு இன்னும் கூடும். மனித இதயம் இந்த எண்ணிக்கையை எட்டச் சுமார் ஒன்பது ஆண்டுகள் ஆகும். ஆக, இந்தக் கார்கள் இருமுவதில் ஆச்சரியமில்லை. இத்தனை நாள் இருமாததுதான் ஆச்சரியம்.

ஆனால் கேள்வி அதுவல்ல. சுத்தம் செய்தால் போதுமா, மாற்ற வேண்டுமா?

சந்தையில் பதில்கள் மலிவாகக் கிடைக்கின்றன. டேங்கில் ஊற்றினால் எல்லாம் சரியாகும் என்று சத்தியம் செய்யும் பாட்டில்கள். என்ஜினைக் கழற்றாமலே கரி நீக்கித் தருவதாகச் சொல்லும் இயந்திரங்கள். டீசலோடு கொஞ்சம் பெட்ரோலும் கொஞ்சம் டூ-டி ஆயிலும் கலக்கச் சொல்லும் டாக்சி ஸ்டாண்டு வைத்தியம். பாட்டிலால் முழு மோசம் என்று சொல்ல முடியாது. நாசில் நுனியில் படிந்த லேசான படிவத்தை அது கரைக்கலாம். தேய்ந்த உலோகத்தை எந்தப் பாட்டிலும் திரும்ப வளர்த்துவிடாது. பெட்ரோல் கலப்பது இந்த என்ஜினுக்குத் தற்கொலை. டீசலின் எண்ணெய்ப் பசைதான் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் ஒரே உயவு; அதைப் பெட்ரோல் கழுவிவிடும்.

இந்த வித்தியாசம்தான் தொழிலின் சாரம். அழுக்கு வேறு, தேய்மானம் வேறு. நாசில் துளையில் கரி பிடித்திருந்தால் மீயொலி அலைத் தொட்டியில் போட்டு எடுத்தால் சாரல் திரும்ப வரும். பெட்ரோல் கார் இன்ஜெக்டர்களுக்கு, அவை 3 பார் அளவில் வேலை செய்பவை என்பதால், பெரும்பாலும் அதுவே போதும். டீசலில் உள்ளே இருக்கும் சிறிய வால்வின் இருக்கை அரித்துப் போயிருந்தால் தொட்டியில் எத்தனை நாள் போட்டாலும் அது சுத்தமான கெட்ட இன்ஜெக்டராகவே வெளியே வரும்.

கண்டுபிடிக்க வழி எளிது. நான்கு இன்ஜெக்டர்களின் திரும்பு குழாய்களையும் கழற்றி, நான்கு சிறிய பாட்டில்களில் விட்டு, என்ஜினைச் சில நிமிடங்கள் ஓடவிடுகிறார் ஆசான். பாட்டில்கள் மருந்துக் கடையில் வாங்கியவை. அளவுக் கோடு அச்சடித்தவை. முதல், இரண்டாம், நான்காம் பாட்டில்களில் ஏறக்குறைய ஒரே அளவு டீசல். மூன்றாவதில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். கார் உரிமையாளர் எதுவும் பேசாமல் அந்தப் பாட்டிலையே பார்க்கிறார்.

“நாலையும் மாத்தணுமா ஆசானே?”

“கம்பெனிக்காரன் நாலுன்னுதான் சொல்லுவான். நான் இப்பம் ஒண்ணும் சொல்லல. கழற்றிப் பாக்கட்டு.”

கழற்றுவதே ஒரு யுத்தம். பத்து ஆண்டுக்கு மேலாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் இன்ஜெக்டரின் அடியில் ஒரு சிறு செம்பு வாஷர் உண்டு. அது கசிந்தால் எரிந்த வாயு மேலே ஏறி, தார் போல் கறுப்பாக உறைந்து, இன்ஜெக்டரைத் தலையோடு ஒட்டவைத்துவிடும். ‘சக் சக்’ என்ற சத்தம்தான் முதல் எச்சரிக்கை. அதைக் கவனிக்காமல் ஓட்டியவர்களின் இன்ஜெக்டரைப் புல்லர் வைத்து இழுத்தும் வராமல், சிலிண்டர் ஹெட்டையே இறக்க வேண்டி வந்த கதைகள் எல்லாப் பட்டறையிலும் உண்டு. சில ரூபாய் விலையுள்ள அந்த வாஷரைப் பழையதையே திரும்பப் போடுவது மெக்கானிக் செய்யக்கூடிய மிக மட்டமான சிக்கனம். இந்த விஷயத்தில் ஆசான் கறார். பழைய வாஷரைக் கழற்றியதும் சுத்தியலால் தட்டி நசுக்கிவிடுகிறார். யாரும் மறந்துபோய்க்கூட எடுத்து மாட்ட முடியாது.

கழற்றிய நான்கும் துணியில் சுற்றப்பட்டு, நெய்யாற்றின்கரைப் பக்கம் இருக்கும் ஒரு ‘டீசல் லேபு’க்குப் போகின்றன. பட்டறைக்கும் லேபுக்கும் சாதி வித்தியாசம் போல ஒன்று உண்டு. பட்டறையில் கிரீஸும் தூசியும், லேபில் ஏ.சி. ஊசிக்கும் உறைக்கும் நடுவே ஒரு தூசி போதும், வேலை பாழ். பெஞ்சில் மாட்டி, குறைந்த வேகம், நடு வேகம், முழு வேகம் என்று ஒவ்வொன்றிலும் எவ்வளவு பீச்சுகிறது, எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கிறார்கள். திரையில் எண்கள் ஓடுகின்றன. காதால் நோய் கண்ட தலைமுறைக்கு அங்கே வேலை இல்லை. ஆசான் வாசலிலேயே நின்றுகொள்கிறார்.

பழுதான மூன்றாம் இன்ஜெக்டர் ஏன் மற்றதை முந்திக்கொண்டது? இந்தக் கேள்வி வந்தால் எல்லையோர மக்கள் உடனே கையை நீட்டும் திசை, பெட்ரோல் பங்க்.

எல்லையில் எரிபொருள் வெறும் எரிபொருளல்ல, அரசியல். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் பெட்ரோல் வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. கேரள அரசு 2023 ஏப்ரல் 1 முதல் பெட்ரோல், டீசல் இரண்டுக்கும் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு வரி போட்டது. விளைவு: களியக்காவிளைப் பங்குகளில் கேரள எண் வண்டிகளின் வரிசை. பாறசாலைப் பக்கத்துப் பங்க்காரர்களின் முகத்தில் வாட்டம். வடக்கே கண்ணூர்க்காரர்கள் மாஹிக்குப் போய் டேங்கை நிரப்புவது போலத்தான் இதுவும். நாள்தோறும் ஓடும் டாக்சிக்கு இந்தச் சில ரூபாய் மாதக் கடைசியில் ஒரு மளிகைப் பட்டியல்.

மலிவு என்றாலே கலப்படம் என்ற சந்தேகமும் கூடவே வரும். அதற்குப் பழைய நியாயம் உண்டு. ரேஷன் மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் விலையில் பெரும் பள்ளம் இருந்த காலத்தில் நாடெங்கும் டீசலில் மண்ணெண்ணெய் ஓடியது. கலப்படப் பங்குகளை மூடச் சொன்னதற்காக இந்தியன் ஆயில் அதிகாரி மஞ்சுநாத் சண்முகம் 2005இல் உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். குமரி எல்லையிலோ ரேஷன் அரிசியும், மீனவர் படகுகளுக்கான மானிய மண்ணெண்ணெயும் பழைய கார்களிலும் வேன்களிலும் கேரளத்துக்குப் போவதும், பறக்கும் படை பிடிப்பதும் செய்தித்தாள்களின் நிரந்தரப் பத்தி. மண்ணெண்ணெய் கலந்த டீசலை அம்பாசடர் சகித்துக்கொள்ளும். காமன் ரெயில் சகிக்காது. பசையில்லாத எண்ணெயில் உலோகம் உலோகத்தோடு உரசும்.

ஆனாலும் ஆசான் பங்க்கைக் குற்றம் சொல்லத் தயாராக இல்லை. அவர் காட்டுவது காரிலிருந்து கழற்றிய டீசல் ஃபில்டரை. அதன் அடியில் இருந்ததைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி வைத்திருக்கிறார். மேலே டீசல், கீழே ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர், அதற்கும் கீழே துரு நிற மண்டி. ஆண்டுக்கு இரண்டு பருவமழை பெய்யும் ஊர் இது. பாதி காலியான டேங்கில் இரவுக் குளிரில் ஈரம் படியும். ஃபில்டரின் அடியில் இருக்கும் திருகைத் திறந்து அவ்வப்போது தண்ணீரை வடிக்க வேண்டும்.

“கடைசியா எப்பம் மாத்தினே?”

டிசையர்க்காரர் தலையைச் சொறிகிறார். மாற்றியது இரண்டு வருடத்துக்கு முன். நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கும். வாடகை ஓட்டம் கிடைத்தால் சர்வீஸைத் தள்ளிப்போடுவது, ஓட்டம் கிடைக்காவிட்டால் பணம் இல்லையென்று தள்ளிப்போடுவது. டாக்சிக்காரர்களின் இந்தக் கணக்கில்தான் லேபுகளின் வாடகை ஓடுகிறது.

மறுநாள் லேபிலிருந்து முடிவு வருகிறது. மூன்றாவது செத்துவிட்டது; வால்வு இருக்கையில் அரிப்பு. முதலாவதில் நாசில் மட்டும் மாற்ற வேண்டும். மற்ற இரண்டையும் சுத்தம் செய்தால் போதும், அளவுக்குள் நிற்கின்றன. நான்கையும் புதிதாக வாங்கினால் செலவு அரை லட்சத்தைத் தொட்டுவிடும். காரை விற்றால் கிடைப்பதே இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல். இன்னொரு வழியும் இருந்தது. சென்னைப் புதுப்பேட்டை மாதிரியான இடங்களிலிருந்து, உடைத்த வண்டியில் கழற்றிய இன்ஜெக்டரைப் பாதி விலைக்கும் குறைவாக வரவழைக்கலாம். அது எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடியது என்பது அதற்கும் தெரியாது. ஆசான் தலையசைத்து மறுக்கிறார். ஒன்று புதிது, ஒன்றுக்கு நாசில், இரண்டுக்குக் குளியல், நான்குக்கும் புது வாஷர், புது ஃபில்டர். பணத்தில் ஒரு பகுதியை டிசையர்க்காரரின் மனைவி குடும்பஸ்ரீ குழுவில் கடனாக எடுத்துத் தருகிறார்.

புது இன்ஜெக்டரை மாட்டினால் மட்டும் வேலை முடியாது. ஒவ்வொரு இன்ஜெக்டரும் பிறக்கும்போதே அதன் குணம் சற்று மாறுபடும். அந்த மாறுபாட்டை எழுத்தும் எண்ணுமாக அதன் தலையில் பொறித்திருப்பார்கள். அந்தக் குறியீட்டை ஸ்கேனர் மூலம் காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்லித்தர வேண்டும். சொல்லாமல் விட்டால் கார் ஓடும். ஆனால் நடை தள்ளாடும், புகை வரும், போட்ட காசு வீண் என்று உரிமையாளர் புலம்புவார். ஆசானுக்கு இந்த வேலை தெரியாது. பாலிடெக்னிக் படித்த அவரது தங்கை மகன் மடிக்கணினியோடு வந்து பதினாறே நிமிடத்தில் முடித்துக் கொடுக்கிறான். “மாமா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது” என்று சொல்லிவிட்டு. ஆசான் தள்ளி நிற்கிறார்.

பட்டறைக்கு வேறு கவலைகளும் உண்டு. வாடிக்கையே தேய்கிறது. 2020 ஏப்ரலில் புதிய மாசு விதி வந்தபோது மாருதி டீசல் கார்களையே கைவிட்டது. இனி இந்த எல்லையில் புதிதாக மல்டிஜெட் வரப் போவதில்லை. இருப்பவை கிழடாகிக் குறையும். சாலையும் இடம் மாறுகிறது. கழக்கூட்டத்திலிருந்து எல்லையோரக் காரோடு வரை போடப்பட்ட புறவழிச் சாலை, பாலராமபுரத்தின் நெரிசலையும் நெய்யாற்றின்கரையின் கடைத்தெருவையும் தொடாமல் வண்டிகளைக் கடத்திவிடுகிறது. முக்கோலைக்குத் தெற்கே அது கான்கிரீட் சாலை. வழுவழு என்று ஓடும் காரில் இருமல் சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்கும் என்று சிரிக்கிறார் ஆசான். ஆனால் அங்கே நின்றுபோனால் இழுத்துவர வேண்டியது இங்கேதான் என்பதும் அவருக்குத் தெரியும். முன்பு அமரவிளை சோதனைச் சாவடியில் லாரிகள் மணிக்கணக்கில் வரிசை கட்டி நிற்கும். காத்திருக்கும் நேரத்தில் ஓட்டுநர்கள் நாசிலைக் கழற்றிக்கொண்டு வருவார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் வணிக வரிச் சாவடிகள் எடுபட்டன; அந்த வியாபாரமும் போயிற்று. ஈடுகட்டுவது குமரி மலைகளிலிருந்து கல்லும் ஜல்லியும் ஏற்றி வரும் டாரஸ் லாரிகள். சாலையை நாசமாக்குகின்றன என்று இருபுறத்து ஊர்க்காரர்களும் சபிக்கும் அதே லாரிகள்.

டிசையர் கீழிறக்கப்படுகிறது. ரெயில் குழாயில் அடைபட்ட காற்று வெளியேற, செல்ஃபை இரண்டு முறை சுழற்ற வேண்டியிருக்கிறது. மூன்றாம் முறை சாவியைத் திருப்பியதும் பற்றிக்கொள்கிறது. புகை இல்லை. ஆசான் பானெட்டில் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் நிற்கிறார். பிறகு, அணை என்று சைகை காட்டுகிறார். டிசையர்க்காரருக்கு மனமில்லை. “சூடாயிட்டு. நிறுத்தினா...” என்று இழுக்கிறார்.

“நிறுத்து மக்கா. அதுக்குத்தானே இத்தனையும்.”

நிறுத்துகிறார். பத்து நிமிடம். பக்கத்துத் தட்டுக்கடையிலிருந்து சாயா வருகிறது, இருவரும் குடிக்கிறார்கள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு டிசையர்க்காரர் சாவியைத் திருப்புகிறார். அரைச் சுற்று.

பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு அவர் காரைச் சாலையில் ஏற்றுகிறார். வீட்டுக்குப் போகும் திருப்பத்தைத் தாண்டி நேரே தெற்கு நோக்கி. டேங்கில் முள் அடியில் இருக்கிறது. களியக்காவிளைக்கு இன்னும் சில கிலோமீட்டர்தான்.